அக்கா விடுப்பில் போன நாள்

கேள்வி: பிறையில், சரக்குகளைச் சுங்கத்தில் விடுவித்து அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் நிறுவனத்தில் அலுவலக நிர்வாகியாக இருக்கிறேன். நான் சேர்ந்தபோது ஆறு பேர் இருந்தோம், இப்போது முப்பத்து நான்கு பேர். எல்லா ஃபைல்களும் இசட் டிரைவில்தான், அதாவது எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டியில்தான், கிடக்கின்றன. அவரவர் இஷ்டத்துக்கு ஃபோல்டர் திறந்து வைத்திருக்கிறோம். எது எங்கே என்று முழுதாகத் தெரிந்தவர், தொடக்கத்திலிருந்து இருக்கும் மூத்த கிராணி (எழுத்தர்) ஒருவர்தான். எல்லோரும் அவரை அக்கா என்போம். 2025 தைப்பூசத்துக்கு முதல் நாள், ரத ஊர்வலத்துக்காக அவர் விடுப்பு எடுத்தார். அன்று ஒரு புதுப் பையன் தவறான பேக்கிங் லிஸ்ட்டை (சரக்கு, எடைப் பட்டியல்) வைத்து கே1 பாரம் (இறக்குமதிச் சுங்க அறிவிப்பு) தயாரித்துவிட்டான். சரியான லிஸ்ட் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. எடை பொருந்தாமல் கண்டெய்னர் நாலு நாள் நின்றது, துறைமுகக் கட்டணம் எங்கள் தலையில். மென்பொருள் ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார் முதலாளி; சேமிப்புப் பெட்டியில் இரண்டு டிஸ்க் இருப்பதால் ஃபைல்களுக்குப் பயமில்லை என்றும் சொல்கிறார். ‘நல்லாத்தானே ஓடுது, ஏன் கலைக்கிறீங்க?’ என்கிறார் அக்கா. நான் எங்கிருந்து தொடங்குவது? திரையைப் படம் பிடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, பிறை, பினாங்கு

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் காரியமாக, அந்தப் பையனை இனி யாரும் குறை சொல்லக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஃபோல்டருக்குள் ஐந்து ஃபைல்கள் இருக்கின்றன: ‘பேக்கிங் லிஸ்ட்’, ‘பேக்கிங் லிஸ்ட் (1)’, ‘பேக்கிங் லிஸ்ட் ஃபைனல்’, ‘பேக்கிங் லிஸ்ட் ஃபைனல் பெத்துல்’, கடைசியாக ‘டிஓசி-20250207-டபிள்யூஏ0012’. பையன் ‘பெத்துல்’ (மலாயில் ‘சரியானது’) என்று போட்டிருந்ததை எடுத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். சரியானது கடைசியில் கிடக்கும் அந்த வாட்ஸ்அப் ஃபைல் என்பதை அதன் பெயரைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதை இறக்கிப் போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். அவரோ அன்று தண்ணீர்மலைக்குப் போகும் ரதத்தின் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

ஆறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் ஃபைல்களுக்கு ஓர் அட்டவணை இருந்தது. அது அக்காவின் தலைக்குள் இருந்தது. ‘அக்கா, அந்த ஃபர்னிச்சர் கண்டெய்னர் பேப்பர் எங்கே?’ என்று நாற்காலியைத் திருப்பிக் கேட்டால் உடனே பதில் வரும். அதை விட வேகமான தேடுபொறி எந்தக் கம்பெனியிலும் கிடையாது. முப்பத்து நான்கு பேர் வந்த பிறகும் அட்டவணை அதே தலைக்குள்தான் இருக்கிறது. வரிசை மட்டும் நீண்டுவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது அந்தத் தலைக்குள் இருப்பதை ஃபைல் பெயர்களுக்கு இடம் மாற்றுவது. மற்றது எல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே அக்காவிடமிருந்து தொடங்குங்கள். அவரை ஒதுக்கிவிட்டு யாரும் இதைச் செய்து முடிக்க முடியாது. இரண்டு மதிய வேளைகளை ஒதுக்கி, நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ‘எப்படி அடுக்கி வைக்கிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது, கை செய்வதை வாய் சொல்லாது. அதற்குப் பதில் பத்து ஃபைல்களை எடுத்துத் தரச் சொல்லி, அவர் எப்படித் தேடுகிறார் என்று பாருங்கள். முதலில் என்ன கேட்கிறார்? ‘எந்த ஜாப்?’ என்றா, ‘யாருடைய சரக்கு?’ என்றா, ‘எந்தக் கப்பல்?’ என்றா? எந்தச் சொல் முதலில் வருகிறதோ அதுதான் உங்கள் ஃபோல்டரின் முதல் படி. ஃபார்வர்டிங் தொழிலில் பெரும்பாலும் ஜாப் நம்பர்தான், அதாவது ஒவ்வொரு சரக்கு வேலைக்கும் தரும் எண்தான், முதலில் வரும். ஏற்கெனவே ஒரு ஜாப் பதிவேடு வைத்திருப்பீர்கள், அந்த நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு நம்பர் முறையைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நான் செய்த தப்பு. அலுவலக ஃபைல்களை ஒழுங்குபடுத்தித் தரும் இந்த வேலையைத் தனியாகச் செய்யத் தொடங்கிய புதிதில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு ஃபோல்டர் அமைப்பு வரைந்து கொடுத்தேன். ஏழு அடுக்கு. பிரிவு, துறை, வாடிக்கையாளர், ஆண்டு, மாதம், ஆவண வகை, நிலை என்று பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அங்கே ஃபைல்களை உண்மையில் கையாளும் இரண்டு பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனேன். அவரவர் டெஸ்க்டாப் முழுக்க ஃபைல்கள். ஒரு டெலிவரி ஆர்டரைச் சேமிக்க ஏழு முறை கிளிக் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்? டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டு ‘அப்புறம் மாற்றிக்கலாம்’ என்றிருக்கிறார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. போதாததற்கு, சில ஃபைல்களை வேறு டிஸ்குக்கு நகலெடுக்கவும் முடியவில்லை. விண்டோஸில் டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயரின் கடைசி எழுத்து வரை எல்லாம் சேர்த்து 260 எழுத்து என்பது பழைய வரம்பு. புதிய விண்டோஸில் அதைத் தளர்த்த வழி உண்டு என்றாலும் பல மென்பொருள்கள் இன்னும் அந்த வரம்பிலேயே நிற்கின்றன. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பெயரும் வைத்தால் அந்த எல்லையைத் தொட அதிக நாள் ஆகாது.

உங்களுக்கு மூன்று அடுக்கு போதும். மேலே ஜாப், வாடிக்கையாளர், கணக்கு, மனிதவளம், நிர்வாகம் என்று ஐந்தாறு ஃபோல்டர். ஜாப் ஃபோல்டருக்குள் ஆண்டு. ஆண்டுக்குள் ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒரு ஃபோல்டர். அதன் பெயர் ஜாப் நம்பரும் வாடிக்கையாளரின் நான்கெழுத்துக் குறியீடும். அதற்குக் கீழே ஒன்றும் வேண்டாம். கே1, பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர் எல்லாம் அதற்குள் சமமாகக் கிடக்கட்டும். ஒரு ஜாப்புக்குப் பத்துப் பதினைந்து ஃபைல்தான் இருக்கும், கண்ணால் பார்த்தே எடுத்துவிடலாம். ஒரே வாடிக்கையாளரின் எல்லா ஜாப்புக்கும் பொதுவான அதிகாரக் கடிதம், நிறுவனப் பதிவு, விலை ஒப்பந்தம் போன்றவை மட்டும் வாடிக்கையாளர் ஃபோல்டருக்குள். இப்போது உங்கள் திரையில் ‘அக்கா’ என்று ஒரு ஃபோல்டர், ‘முதலாளி அவசரம்’ என்று ஒன்று, ‘பொது’ என்று மூன்று இருக்கின்றன. ஆள் பெயரில் இருக்கும் ஃபோல்டர் அந்த ஆள் இருக்கும்வரைதான் பயன்படும். ‘பொது’ என்ற ஃபோல்டர் வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடம் மாதிரி. எல்லாம் உள்ளே போகும், எதுவும் வெளியே வராது.

அடுத்தது பெயர். நம் ஊரில் இதற்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன.

விண்டோஸ் ஃபைல் பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்ற ஒன்பது குறிகளைப் போட முடியாது. உங்கள் இன்வாய்ஸ் நம்பர் ‘ஐஎன்வி/2025/031’ என்று அச்சாகிறது. அதை அப்படியே ஃபைல் பெயராக்க முடியாததால் ஒருவர் நடுவில் கோடு போடுகிறார், ஒருவர் புள்ளி வைக்கிறார், ஒருவர் இடம் விடாமல் சேர்த்தே எழுதிவிடுகிறார். அப்புறம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஊழியர் ஃபைல்களில் இதே கதை. நம் ஆட்களின் அடையாள அட்டைப் பெயரில் நடுவில் ‘ஏ/எல்’ (மகன்) அல்லது ‘ஏ/பி’ (மகள்) இருக்கும், அங்கேயும் சாய்கோடு. ஒரே மனிதருக்கு ‘ஏஎல்’ என்று ஒரு ஃபைல், ‘ஏ-எல்’ என்று ஒரு ஃபைல், அதை விட்டுவிட்டு ஒரு ஃபைல் என்று மூன்று இடத்தில் ஆவணங்கள் சிதறியதைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். சாய்கோடு வருகிற இடத்தில் எல்லாம் சிறு கோடு என்று ஒரே முடிவாக எடுங்கள். ஊழியர்களுக்குப் பெயரை விட ஊழியர் எண் நல்லது.

மொழியையும் கவனியுங்கள். ஒருவர் ஆங்கிலத்தில் இன்வாய்ஸ் என்று தட்டுகிறார், இன்னொருவர் அதையே மலாய் எழுத்துக்கூட்டலில் தட்டுகிறார், மூன்றாமவர் பில் என்கிறார். மூன்றும் ஒன்றுதான் என்று மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எந்த மொழி என்பது எனக்கு முக்கியம் இல்லை. ஆவணத்துக்கு ஒரு சொல், அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு சொற்களை ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு மேசையிலும் ஒட்டுங்கள்.

தேதி ஆண்டில் தொடங்க வேண்டும்: 2025-02-07. நாள், மாதம், ஆண்டு என்று எழுதினால் எல்லா மாதத்தின் ஏழாம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். வெளிநாட்டு ஏஜென்ட் அனுப்பும் 03-04 மார்ச் மாதமா ஏப்ரல் மாதமா என்ற குழப்பமும் இதில் வராது. ஆக அன்றைய ஃபைலின் பெயர் ‘25-0118 பேக்கிங்லிஸ்ட் 2025-02-07 வி3’ (வி3 என்றால் மூன்றாம் பதிப்பு) என்று இருந்திருந்தால், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன பையனும் சரியானதைத்தான் எடுத்திருப்பான். ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு இது இன்னும் அவசியம். எழுத்தை அடையாளம் காணும் வசதி இல்லாமல் ஸ்கேன் செய்த பிடிஎஃப் கணினிக்கு வெறும் படம்தான். உள்ளே இருக்கும் நம்பரைத் தேடினாலும் அகப்படாது. பெயரில் இருப்பது மட்டுமே அகப்படும்.

‘ஃபைனல்’ என்ற சொல்லுக்கு உங்கள் அலுவலகத்தில் இன்றோடு விடை கொடுத்துவிடுங்கள். ஆனால் அந்தச் சொல் ஏன் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இசட் டிரைவில் உள்ள ஓர் எக்செல் ஃபைலை ஒருவர் திறந்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள். இரண்டாவது ஆள் திறந்தால், வேறொருவர் பயன்படுத்துகிறார், படிக்க மட்டுமே முடியும் என்று ஓர் அறிவிப்பு வரும். அவருக்கும் அவசரம். நகல் ஒன்று எடுத்து, பெயருக்குப் பின்னால் ‘2’ போட்டு, தன் திருத்தத்தைச் செய்துவிடுகிறார். அந்த நொடியில் உங்களிடம் இரண்டு உண்மைகள் உருவாகிவிட்டன. இதில் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் வழி தேடியவர்கள்தான். பலர் ஒரே நேரத்தில் தொடும் ஃபைல்கள், உதாரணமாக தினசரி லாரி அட்டவணை, கண்டெய்னர் நிலவரப் பட்டியல், இவற்றை மட்டும் பலர் சேர்ந்து திருத்தக்கூடிய கிளவுட் விரிதாளுக்கு மாற்றிவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வி1, வி2, வி3 போதும். புதியது வந்ததும் பழையதை அதே ஜாப்புக்குள் ‘பழையது’ என்ற ஒரே ஒரு உள் ஃபோல்டருக்குத் தள்ளிவிடுங்கள். ஜாப் ஃபோல்டருக்குக் கீழே ஒன்றும் வேண்டாம் என்று முன்பு சொன்னேன், அதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் ஏஜென்சியில், ஃபைல் கிராணியாக. இரும்பு அலமாரியிலிருந்து யாராவது ஒரு ஃபைலை எடுத்தால் அந்த இடைவெளியில் ஒரு சிவப்பு அட்டையைச் செருக வேண்டும். எடுத்தவர் பெயர், தேதி இரண்டும் அதில் இருக்கும். அட்டை இல்லாமல் ஃபைல் நகராது. தாளில் ஒரே ஒரு நகல்தான் இருந்தது என்பதால் அதை எல்லோரும் அப்படி மதித்தார்கள். கணினி நகலெடுப்பதை இலவசமாக்கிவிட்டது. அந்த மரியாதை போனது அதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

வாட்ஸ்அப்பைத் தடை செய்ய முயலாதீர்கள், வாடிக்கையாளர்கள் அதை விடமாட்டார்கள். ஆனால் கிராணியின் சொந்தப் போனுக்கு வருவதை மாற்றலாம். நிறுவனத்துக்கு ஒரு நம்பர் எடுத்து, அலுவலகக் கணினியிலேயே திறந்து வையுங்கள். வந்த ஆவணத்தை அன்றைக்கே பெயர் மாற்றி ஜாப் ஃபோல்டரில் போடுவது ஒருவருடைய பொறுப்பாக, எழுத்தில் இருக்கட்டும். அந்த ஒருவர் அக்காவாக இருக்கக் கூடாது. அவருக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

உங்கள் படத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது, அதைப் பார்த்து எனக்கு உண்மையில் கவலை வந்தது. சம்பளப் பட்டியல், ஈஏ பாரம் (ஊழியரின் ஆண்டு வருமான அறிக்கை), சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) எல்லாம் ‘கணக்கு’ ஃபோல்டருக்குள் பூட்டு எதுவும் இல்லாமல் கிடக்கின்றன. முப்பத்து நான்கு பேரும் ஒருவர் சம்பளத்தை ஒருவர் பார்க்கலாம், அடையாள அட்டை எண்களை எடுக்கலாம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கிறது. 2024-ல் அது திருத்தப்பட்டு, தரவு கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. மற்ற வேலை எதையும் தொடங்கும் முன், நாளைக் காலையிலேயே அந்த ஃபோல்டரைப் பூட்டச் சொல்லுங்கள்.

பூட்டும்போது ஆளுக்கு ஆள் அனுமதி கொடுக்க வேண்டாம். செயல்பாடு, கணக்கு, மனிதவளம், நிர்வாகம் என்று குழுக்களை உருவாக்கி, அனுமதியைக் குழுவுக்குக் கொடுங்கள். ஊழியரைக் குழுவில் சேருங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் குழுவிலிருந்து எடுத்தால் முடிந்தது. அனுமதி மேல் அடுக்கில் மட்டும் இருக்கட்டும். உள்ளே உள்ளே போய்த் தனித்தனிப் பூட்டு போட்டால் ஆறு மாதத்தில் எந்தச் சாவி எதற்கு என்று உங்கள் கணினிக்காரருக்கே மறந்துவிடும்.

பழைய ஃபைல்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இங்கேதான் பலர் விழுகிறார்கள். பத்து ஆண்டுக் குவியலைச் சீர்படுத்திவிட்டுத்தான் புதிய முறைக்குப் போவேன் என்று உட்கார்ந்தால், நீங்கள் ஓய்வுபெறும் வரை அதையே செய்துகொண்டிருப்பீர்கள். குவியலைத் தொடாதீர்கள். ஒரு மாதத்தின் முதல் தேதியைக் குறியுங்கள். அன்று திறக்கும் ஜாப்பிலிருந்து எல்லாம் புதிய முறையில். பழைய இசட் டிரைவ் முழுவதையும் படிக்க மட்டும் முடிகிற மாதிரி மாற்றிவிடுங்கள். திறக்கலாம், தேடலாம், புதிதாக எதையும் சேமிக்க முடியாது. இன்னும் முடியாத ஜாப்புகளை மட்டும் இந்தப் பக்கம் கொண்டு வாருங்கள். பழையதில் ஒரு ஃபைல் தேவைப்படும்போது அதைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்தால் போதும். மீதியைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

வரமாட்டார்கள் என்பதற்காக அழித்துவிட வேண்டாம். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டமும் கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. ஜாப்பை ஆண்டுவாரியாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டாவது ஆண்டில், கணக்காய்வாளரிடமும் சுங்க விவகாரம் பார்ப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஏழு ஆண்டு முடிந்த அந்தப் பழைய ஆண்டின் ஃபோல்டரை மொத்தமாகக் கழிக்கலாம். வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர்களின் அடையாள அட்டை நகல்களையோ அவ்வளவு நாள் வைத்திருக்கக் கூடாது. தேவை முடிந்த தனிநபர் தரவை நீக்க வேண்டும் என்பதும் அதே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள விதிதான்.

மென்பொருளைப் பற்றி. இப்போது வாங்க வேண்டாம். பெயரும் ஒழுங்கும் இல்லாத குவியலை விலை உயர்ந்த மென்பொருளில் கொட்டினால் அது விலை உயர்ந்த குவியலாகும். ஆறு மாதம் இந்த முறையில் ஓட்டிப் பாருங்கள். அதற்குள் உங்களுக்கு என்ன தேவை என்று நீங்களே பட்டியல் போடுவீர்கள், விற்க வருபவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியிருக்காது.

அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் காப்பு நகலுக்குச் செலவழியுங்கள். உங்கள் சேமிப்புப் பெட்டியில் இரண்டு டிஸ்க் இருப்பதால் பயமில்லை என்று முதலாளி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் இன்னொன்று காப்பாற்றும், உண்மை. ஆனால் யாராவது ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்கிலும் அழியும். பணம் கேட்டு ஃபைலைப் பூட்டும் வைரஸ் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். மொத்தம் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே. மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பு நகலை நம்பியவர்களின் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அக்காவின் வேலை. வாடிக்கையாளர்களின் நான்கெழுத்துக் குறியீட்டுப் பட்டியலும் ஆவணச் சொற்களின் தாளும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். புதிய வாடிக்கையாளர் வந்தால் குறியீடு கொடுப்பவர் அவர், புதிய ஊழியர் வந்தால் முதல் நாள் காலை அவரோடு உட்கார வேண்டும். இதற்குப் பதவிப் பெயரும் சம்பள உயர்வும் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். ‘ஏன் கலைக்கிறீங்க?’ என்று அவர் கேட்பதில் நான் பிடிவாதத்தைப் பார்க்கவில்லை. ஆறு பேர் காலத்திலிருந்து அந்த நிறுவனத்தைத் தலையில் சுமந்தவர், அதை இறக்கி வைத்தால் தனக்கு இங்கே என்ன இடம் என்று கேட்கிறார். வாயால் ஆறுதல் சொன்னால் அது பதிலாகாது. அந்த இடத்தை எழுத்தில் கொடுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சாதாரணப் புதன்கிழமை அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். போனில் கூப்பிடுவதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அன்று அந்தப் பையனை உட்காரவைத்துப் பத்து ஃபைல் கேளுங்கள். புதிய ஜாப்பில் எட்டு, பழைய குவியலில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டியவற்றின் பெயர்களை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.